மருதமுத்து சேரின் பெரட்டு

ரயில் பட்டிப்பொலவில் நின்றபோதுதான் கைபேசிக்குச் சிக்னல் கிடைத்தது. பண்டாரவளையில் நடக்கவிருந்த ஓர் ஆசிரியர் பயிற்சிக்காக நான் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் பாடசாலை எழுதுவினைஞர் அனுப்பியிருந்த செய்தி ஒரே வரிதான்: "மருதமுத்து சேர் இல்ல டீச்சர்." ஞாயிற்றுக்கிழமை அவர் பாடசாலையில் இல்லாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று எனக்கு எரிச்சல். "ஏன், எங்க போனவர்?" என்று பதில் எழுதி அனுப்பிவிட்டேன். ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வந்த பிறகு அடுத்த செய்தி வந்தது. காலையில் வீட்டுக்குப் பின்னால் லீக்ஸ் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாராம். நெஞ்சு வலி என்றாராம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை.

தினமும் வரவு இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாழ்கிறவர்களுக்கு 'இல்லை' என்றால் இன்றைக்கு வரவில்லை என்று மட்டும்தான் பொருள். நான் அனுப்பிய பதிலை அவர் பார்த்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார். நான் அழுதேன். எதிரே இருந்த சிங்கள அம்மா ஒன்றும் கேட்காமல் ஒரு தோடம்பழத்தை உரித்துப் பாதியை என் கையில் வைத்தார்.

ராகலைக்கு மேலே எங்கள் தோட்டப் பாடசாலையில் அவரோடு வேலை செய்த உங்களுக்கும், அவருடைய விசில் சத்தத்துக்கு ஓடி வளர்ந்த உங்களுக்கும் நான் அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. உடற்கல்வி ஆசிரியர், நெட்போல் பயிற்றுநர், பிடிவாதக்காரர், சீனி அதிகம் போட்ட தேநீருக்கு அடிமை. இவையெல்லாம் உங்களுக்குத் தெரியும். இணையவழி வகுப்புகளுக்கு அவர் பொறுப்பாக இருந்த அந்த இரண்டு வருடம் பற்றி உங்களில் பலருக்குப் பாதிதான் தெரியும். மீதியைச் சொல்லும் உரிமை எனக்கு இருக்கிறது. ஏனென்றால் அந்த இரண்டு வருடமும் அவரோடு அதிகம் சண்டை பிடித்தவள் நான்தான்.

எங்கள் கணித ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போன பிறகு அந்தக் கதிரை காலியாகவே கிடந்தது. வெளியூர்களில் இருக்கும் பழைய மாணவர்கள் சிலர், தன்னார்வமாகக் கற்பிக்கக்கூடியவர்களைத் தேடிப் பிடித்து, பாடசாலை முடிந்ததும் இணையத்தில் கணிதமும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். யார் பொறுப்பு என்று அதிபர் ஆசிரியர் கூட்டத்தில் கேட்டார். நான் தகவல் தொழில்நுட்ப ஆசிரியை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. பொறுப்பு எனக்குத்தான் வரும் என்று இருந்தேன். மருதமுத்து சேர் கையை உயர்த்தினார். "சேருக்குக் கம்பியூட்டர் தெரியுமோ?" என்று கேட்டேன். கொஞ்சம் நக்கலாகத்தான் கேட்டேன். அவர் முகம் மாறவில்லை. "கம்பியூட்டர ஒங்களுக்குத் தெரியும் டீச்சர். புள்ளைங்கள எனக்குத் தெரியும். ரெண்டு பேரும் சேந்தா ஒரு ஆளு," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் உம்மென்று இருந்தேன்.

கற்பிக்க வருகிறவர்களுக்கு என்று அவர் ஒரு தாளில் விதிகள் எழுதிக் கொண்டுவந்தார். பிள்ளைகளின் தொலைபேசி எண்ணை யாரும் கேட்கக்கூடாது. எதை அனுப்புவதானாலும் பாடசாலைக் குழுவில் எல்லோர் கண்ணிலும் படும்படி அனுப்ப வேண்டும். ஒரு பிள்ளையும் ஓர் ஆசிரியரும் மட்டும் வகுப்பில் தனியாக இருக்கக்கூடாது. மேலே முதல் விதியாக, 'ஒவ்வொரு வகுப்புக்கும் முன்னும் பின்னும் பெரட்டு கட்டாயம், ஆசிரியர்களும் அதில் கலந்துகொள்ள வேண்டும்' என்று இருந்தது. எழுத்துப்பிழை என்றால் எனக்கு உடம்பு கூசும். புத்தகத்தைப் புரட்டி மீட்டல் செய்வதைத்தான் மனிதர் இப்படிப் பிழையாக எழுதியிருக்கிறார் என்று நினைத்து, 'புரட்டு' என்று திருத்தித் தட்டச்சு செய்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன்.

கொழும்பிலிருந்து ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒருவர் உடனே பதில் எழுதினார். 'வகுப்புக்கு முன்னும் பின்னும் புரட்டு கட்டாயம் என்று அறிந்தேன். இந்த வயதில் எனக்குப் பெரிய புரட்டு எதுவும் வராது. சிறிய பொய்கள் போதுமா?' நான் வெட்கத்தில் கூனிக் குறுகிப் போனேன். மருதமுத்து சேர் மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். சிரித்து முடித்த பிறகுதான் விளக்கினார். தோட்டத்தில் காலையில் தொழிலாளர்களை ஒன்றாக நிற்கவைத்துப் பேர் கூப்பிட்டு, யார் எந்த மலைக்குக் கொழுந்தெடுக்கப் போவது என்று பிரித்து விடுவதுதான் பெரட்டு. "எங்கம்மா முப்பது வருஷம் பெரட்டுல நின்னவங்க டீச்சர். காலையில பேர் கூப்புடுறதுக்கு ஆளு இருந்துச்சு. சாயந்தரம் எல்லாரும் எறங்கி வந்தாங்களான்னு கூப்புட்டுப் பாக்க யாரும் இல்ல. நம்ம வகுப்புல ரெண்டு வாட்டியும் கூப்புடுவோம்." அதன் பிறகு நான் இந்தப் பாடசாலையில் எத்தனை நல்ல காரியம் செய்தாலும், காலையில் அவர் என்னைப் பார்த்ததும் கேட்பது ஒன்றுதான். "என்ன டீச்சர், இன்னைக்குப் புரட்டு எத்தன மணிக்கு?"

பெரட்டு என்றால் பெரட்டேதான். இடாப்பை விரித்து வைத்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். முகம் காட்டி 'உள்ளேன்' என்று சொல்ல வேண்டும். கடைசியில் கற்பிக்கிறவர் பெயரையும் கூப்பிடுவார். கலாநிதிப் பட்டம் பெற்ற ஒரு பெண்மணி 'உள்ளேன் சேர்' என்று சொல்லப் பழகிக்கொண்டார். மருதமுத்து சேருடைய கமெராவில் மட்டும் எந்நாளும் தொப்பியும் அரை நெற்றியும்தான் தெரியும். எத்தனை முறை சரிசெய்து கொடுத்தாலும் அடுத்த நாள் தொப்பிதான். ஆனால் அந்தத் தொப்பி வகுப்பு முடியும்வரை அசையாது. முடிந்ததும் மறுபடி பெயர் கூப்பிட்டு, விசில் ஊதி, எல்லோரும் வெளியேறியதைப் பார்த்த பிறகுதான் தானும் எழும்புவார்.

வகுப்புக்குள் அனுமதிக்கும் முன் ஆட்கள் காத்திருக்கும் இடத்துக்கு அவர் வைத்த பெயர் 'கேட்'. கேட்டில் இடாப்பில் இல்லாத பெயர் நின்றால் உள்ளே விடமாட்டார். ஒருநாள் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வகுப்பைப் பார்வையிட வந்தார். அவர் கைபேசியில் அவருடைய மகள் விளையாட்டாக வைத்த பெயர் இருந்திருக்கிறது. கால் மணி நேரம் கேட்டிலேயே நின்றார். அதிபர் பதறிப்போய் ஓடிவந்தார். சேர் நிதானமாகத் தொலைபேசியை வாங்கிப் பேசினார். "மன்னிச்சுக்கங்க சேர். ஒங்க பேரு சுட்டிப் பாப்பான்னு இருந்துச்சு. எங்க இடாப்புல சுட்டிப் பாப்பான்னு யாரும் இல்லைங்க." அந்த அதிகாரி கோபித்துக்கொள்ளவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு வந்து, கடைசிப் பெரட்டில் 'உள்ளேன்' என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

எங்களுக்குள் பெரிய சண்டை சிக்னலால் வந்தது. தோட்டத்தின் மேல் பிரிவுப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த்தான் வகுப்பில் சேருவார்கள். வரிசை வீடுகளான லயத்துக்குள் சிக்னல் கிடையாது. தேயிலை மலைமேல் ஏறி, ஆளுக்கொரு மூலையில் தனியாக உட்கார்ந்து படிப்பார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது. படம் எடுத்துப் பழைய மாணவர்களுக்கு அனுப்பலாம் என்றேன். அவர் கத்தினார். "அந்த எடத்துல குளவி கொட்டுனாலும் யாருக்கும் கேக்காது, ஒருத்தன் வந்து நின்னாலும் யாருக்கும் தெரியாது. இதப் போயி படம் எடுக்கச் சொல்றீங்க." இரண்டு நாள் நாங்கள் பேசவில்லை. மூன்றாம் நாள், வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவின் வாசலில் நல்ல சிக்னல் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு வந்தார். கையில் கைபேசியைப் பிடித்துக்கொண்டு மலை முழுக்கத் தேடி அலைந்திருக்கிறார். அங்கே குழந்தைகளைப் பார்க்கும் ஆயம்மா எப்போதும் இருப்பார். அன்றிலிருந்து மேல் பிரிவுப் பிள்ளைகள் அந்த வாசலில் வரிசையாக இருந்து படித்தார்கள். இயற்கணிதத்துக்கு நடுவே குழந்தைகள் அழும். பெரட்டில் ஆயம்மாவும் எட்டிப்பார்த்து 'நானும் இருக்கேங்க' என்பார்.

இனிச் சொல்லப்போவது உங்களுக்குத் தெரியாத பாதி. அந்தப் பிள்ளையிடமும் அவள் அம்மாவிடமும் கேட்டுத்தான் எழுதுகிறேன். அவளுக்குச் செல்வி என்று பெயர் வைத்துக்கொள்வோம். தரம் பதினொன்று. கணக்கில் கெட்டிக்காரி. உயர்தரத்தில் கணிதம் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. தோட்டத்தில் அதுவரை ஒரு பெண்பிள்ளையும் அந்தப் பக்கம் போனதில்லை. அவளுக்கு அந்த வகுப்பு ஒன்றுதான் வழி. கற்பித்தவர் ஓர் இளைஞர். நன்றாகக் கற்பித்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எங்கள் எல்லோருக்கும் அவரைப் பிடித்திருந்தது. செல்வி இரண்டு நாள் வகுப்புக்கு வரவில்லை. மூன்றாம் நாள் பெரட்டில் 'உள்ளேன்' என்றாள். "வந்திட்டீங்களா செல்வி? காய்ச்சல் விட்டுதா?" என்று அந்த இளைஞர் அன்பாகக் கேட்டார். நான் பக்கத்தில் இருந்தும் ஒன்றும் கவனிக்கவில்லை. எவ்வளவு நல்ல பையன் என்றுகூட நினைத்தேன்.

வகுப்பு முடிந்து விசில் ஊதிய பிறகும் சேர் எழும்பவில்லை. "டீச்சர், அந்தப் புள்ளைக்குக் காய்ச்சலே இல்ல. ரெண்டு நாளும் காலையில என்கிட்ட நெட்போல் வெளயாடுச்சு. காய்ச்சல்னு இவருக்கு மட்டும் யாரு சொன்னது?" பாடசாலைக் குழுவில் தேடினேன். அப்படி ஒரு செய்தி இல்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது, பயமும் வந்தது. அவள் எங்களுக்குத் தெரியாமல் அவரோடு பேசுகிறாள். அவருக்குப் பயந்து பொய் சொல்லியிருக்கிறாள். பயம் தெளிந்ததும் எனக்குக் கோபம் வந்தது. கோபம் யார் மேல் வந்தது என்பதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. அது செல்வி மேல்தான் வந்தது. "அவளைக் கூப்பிட்டுக் கேப்பம் சேர். இவ்வளவு சொல்லியும் ஏன் நம்பர் குடுத்தவள் எண்டு."

அவர் எழுந்து வந்து எனக்கு முன்னால் நின்றார். "அந்தக் கேள்விய மட்டும் கேக்காதீங்க டீச்சர். அத அவ வீட்டுல கேப்பாங்க. லயத்துல கேப்பாங்க. கடைக்குப் போற வழியில கேப்பாங்க. நாமளாவது கேக்காம இருப்போம்." அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

அடுத்த நாள் இடைவேளையில் நெட்போல் மைதானப் படிக்கட்டில் மூவரும் உட்கார்ந்தோம். எல்லோர் கண்ணிலும் படும் இடம், ஆனால் யார் காதுக்கும் எட்டாத இடம். அதையும் அவர்தான் தேர்ந்தெடுத்தார். "வகுப்புக்கு வெளியில யாராவது ஒன்னயத் தொந்தரவு பண்றாங்களாம்மா? நீ சொன்னாலும் சொல்லாட்டியும் நாளைக்கும் வகுப்பு இருக்கு," என்றார். பிறகு வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பொறுமை இல்லை, உங்களுக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். நீண்ட நேரம் கழித்து அவள் கேட்ட முதல் வார்த்தை, "சொன்னா வகுப்ப நிப்பாட்டிருவாங்களா சேர்?" என்பதுதான். "வகுப்பு ஒனக்குத்தாம்மா. போக வேண்டிய ஆளு நீ இல்ல," என்றார்.

அதன் பிறகு எல்லாம் வந்தது. ஒரு கணக்கின் படம் வகுப்பில் திறக்கவில்லை என்று அந்த இளைஞர் தன் எண்ணுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறார். அம்மாவின் போனிலிருந்து அனுப்பியிருக்கிறாள். ஒரு வாரம் கணக்கு மட்டும். பிறகு அவள் கண்ணைப் பற்றி. பிறகு அவளுடைய படம் வேண்டும், மருதமுத்து சேருக்குத் தெரிய வேண்டாம். அவள் அனுப்பவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் காய்ச்சல் என்று சொல்லி ஒளிந்திருக்கிறாள். சேர் அவளுக்குப் பொய் வாக்குக் கொடுக்கவில்லை. "இத நான் வயித்துக்குள்ள வெச்சுக்கிட்டு இருக்க முடியாதும்மா. சொல்ல வேண்டிய ஆளுங்களுக்குச் சொல்லணும். ஆனா யாருக்குச் சொன்னாலும் மொதல்ல ஒன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்." அந்த வாக்கை அவர் ஒரு தடவைகூட மீறவில்லை.

சத்தமில்லாமல் அந்த இளைஞரை நிறுத்திவிடலாம் என்பது அதிபரின் யோசனை. பாடசாலையின் பெயர் கெட்டுவிடும் என்று பயந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் பயந்தார். "சத்தமில்லாம நிப்பாட்டுனா அந்தாளு சத்தமில்லாம அடுத்த பள்ளிக்கூடத்துக்குப் போயிருவாரு சேர்," என்றார் மருதமுத்து சேர். பிரதேச செயலகத்தில் சிறுவர் விடயங்களுக்குப் பொறுப்பான சிங்களப் பெண் உத்தியோகத்தரிடம் அவரே போய்ப் பேசினார். வரும்போது ஜீப்பில் வர வேண்டாம், ஜீப் வந்தால் லயம் முழுக்கக் கதை பரவிவிடும் என்று கேட்டுக்கொண்டார். அந்த அம்மா மரக்கறி மூட்டைகளுக்கு நடுவே பஸ்ஸில் வந்து இறங்கினார். செய்திகள் எதையும் அழிக்காமல் வைத்திருந்ததற்குச் செல்வியைப் பாராட்டினார். அந்த இளைஞர் வகுப்பிலிருந்து அன்றே நீக்கப்பட்டார். அதன் பிறகு நடந்தவை விசாரிக்க வேண்டியவர்கள் கையில் நடந்தன.

செல்வியின் வீட்டுக்கு நாங்கள் இருவரும் போனோம். செல்வி சொல்லி அம்மாவுக்கு ஏற்கெனவே தெரியும். அப்பா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழுந்து நின்றார். "போதும் சேர். இனி அவ வகுப்புக்கு வரத் தேவையில்ல. வீட்டுல இருக்கட்டும்." செல்வி அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. சேர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "தப்பு செஞ்சது யாருங்க?" பதிலையும் அவரே சொன்னார். "தப்பு செஞ்சவன் வீட்டுல இருக்கட்டும். ஒங்க புள்ள ஏன் வீட்டுல இருக்கணும்? இது மேல நம்பிக்கை இல்லாட்டி நீங்களே வந்து வகுப்புல ஒக்காருங்க. பெரட்டுல ஒங்க பேரையும் கூப்புடுறேன்." அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாதான் தேநீர்க் கோப்பையைச் சேர் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார். "நாளைக்கு எத்தன மணிக்குங்க சேர்?"

மறுநாள் அந்தக் கொழும்புப் பொறியியலாளர் கணித வகுப்பை ஏற்றுக்கொண்டார். பெரட்டு தொடங்கியது. ஒவ்வொரு பெயராக வந்து செல்வி என்ற இடத்தில் சேரின் குரல் கொஞ்சம் தடுக்கியது. "உள்ளேன் சேர்," என்றாள். அவளுக்குப் பின்னால் பிள்ளைக் காம்பரா வாசலில், வேலைச் சட்டையோடு, அவள் அப்பா உட்கார்ந்திருந்தார். சேர் அவர் பெயரையும் கூப்பிட்டார். 'இருக்கேன்' என்று அவர் சொன்னபோது வகுப்பே சிரித்தது. பக்கத்தில் நான் பார்த்தேன், மனிதர் தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். அன்று கமெராவில் நெற்றியும் இல்லை. அப்பா ஒரு வாரம் வந்தார். பிறகு அவருக்கு முக்கோண கணிதம் அலுத்துவிட்டது.

செல்வி இப்போது நுவரெலியாவில் உயர்தரத்தில் கணிதம் படிக்கிறாள். செத்த வீட்டுக்கு அப்பாவோடு வந்திருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "சேர் என்கிட்ட ஒரு தடவகூட ஏன்னு கேக்கல டீச்சர்," என்றாள். கேட்க இருந்தவள் நான்தான் என்பது அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை. உங்கள் முன்னால் இப்போதுதான் சொல்கிறேன்.

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது, கேட்காமல் விட்ட அந்த ஒரு கேள்விதான். போன கிழமை தரம் ஒன்பதுப் பிள்ளை ஒருத்தி கைபேசியை மார்போடு அணைத்துக்கொண்டு கணினி அறை வாசலில் நின்றாள். "டீச்சர், ஒண்ணு சொன்னா ஏசமாட்டீங்கதானே?" ஏன், என்ன செய்தாய் என்று என் தொண்டைவரை வந்துவிட்டது. விழுங்கினேன். கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டேன். "இரும்மா. நீ என்ன சொன்னாலும் நாளைக்கும் வகுப்பு இருக்கு," என்றேன். உட்கார்ந்தாள். கைபேசியை மடியில் வைத்தாள். பிறகு சொல்லத் தொடங்கினாள்.